“பிறகு பார்ப்போம்” என்று கண் ஒப்பரேஷனைத் தள்ளிப்போடும் அப்பா அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது

வெண்புரை, அதாவது கண்ணின் வில்லை மங்கிப்போயிருக்கிறது என்று டொக்டர் சொல்லி எவ்வளவோ காலமாகியும் வீட்டில் பெரியவர் அசையவில்லை என்றால், முதலில் வாதாடுவதை நிறுத்துங்கள். “ஆடிவேல் முடியட்டும்”, “மகன் கனடாவிலிருந்து வரட்டும்” என்பதெல்லாம் வெறும் தவணை. உள்ளே வேறொன்று இருக்கும், அதைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும்.

“இன்னும் முற்றவில்லையாம்” என்பது நிறையப் பேர் சொல்வது. அது ஒரு காலத்தில் சரியாக இருந்த பேச்சுத்தான், ஏனென்றால் முன்பு கண்ணின் வில்லையை முழுசாக வெளியே எடுத்தார்கள், முற்றியிருந்தால் எடுப்பது லேசு. இப்போது ஃபேகோ முறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறலுக்குள்ளால் அல்ட்ராசவுண்ட் அதிர்வு கொடுத்து அதை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். புரை இறுகிப்போனால்தான் கஷ்டம். அளவுக்கு மீறி முற்றினால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே நிரந்தரமாகப் போகவும் கூடும்.

அடுத்தது, “எனக்கு நல்லாத் தெரியுதே”. பொய் சொல்லவில்லை, நல்ல கண் மற்றதை மறைத்துக்கொண்டிருக்கிறது. சிலவகைப் புரையில் கிட்டப்பார்வை கூடி, கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கத் தொடங்குவார்கள், கண் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு! ஒவ்வொரு கண்ணாகப் பொத்திச் சுவர்க் கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியில் நிற்கும்போதும் கவனியுங்கள்: பஸ் நம்பரைப் பார்க்காமல் கண்டக்டர் “கோட்டை, புறக்கோட்டை” என்று கத்துவதைக் கேட்டு ஏறுகிறாரா, இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறுகிறது என்கிறாரா? உங்கள் வாயால் சொல்வதைவிட அவரே கண்டுபிடிப்பது நல்லது.

பயம் என்றால் நடப்பதை அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை, சொட்டு மருந்தோ கண்ணருகே ஒரு ஊசியோ போட்டு மரக்க வைப்பார்கள், வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், வழக்கமாக அரை மணித்தியாலத்துக்குள் முடிந்து பெரும்பாலானோர் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். “நூறு வீதம் சரியாகும்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சீனி வருத்தத்தால் விழித்திரை பழுதாகியிருந்தால் பார்வை முழுசாக வராது, அதை முதலே டொக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது: “பிள்ளைகளுக்கு ஏன் கரைச்சல்?” யார் லீவு போடுவது, யார் மருந்து விடுவது, சமையல் யார், காசு எவ்வளவு என்று இரவெல்லாம் தனியாகக் கணக்குப் பார்த்துவிட்டுக் காலையில் “இப்ப வேண்டாம்” என்பார்கள். இதற்குப் பதில் பேச்சு இல்லை, ஏற்பாடு. எந்தக் கிழமை யார் வீட்டில் நிற்பது என்று முடிவெடுத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்தடியில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், திகதிக்குக் காத்திருக்க வேண்டிவரும். லென்ஸ் அங்கேயே கிடைக்குமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் என்றால் லென்ஸைப் பொறுத்து விலை மாறும், எல்லாம் சேர்த்த மொத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். பெரியவருக்குச் சிங்களம் சரளமில்லை என்றால் பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது, “பரவாயில்லை, சமாளிப்பேன்” என்றால் நம்பாதீர்கள்.

போகும்போது குடிக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஒப்பரேஷனின்போது கண்மணியின் நடத்தையை அது மாற்றும். இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு சொட்டு மருந்து, சில வாரத்துக்கு. கையைக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, போத்தல் முனை கண்ணில் படாமல் ஒரு துளி, அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிடம். கண்ணைக் கசக்கக் கூடாது, டொக்டர் சொல்லும்வரை தலை முழுக வேண்டாம், திருநீறு பூசும்போது கண்ணில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோவும் சிவப்பும் கூடினால், பார்வை குறைந்தால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

மற்றக் கண்ணிலும் புரை இருந்தால் அதற்கும் எப்போது என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். ஒன்று தெளிந்தவுடன் “இது போதும்” என்று இன்னொரு தவணை தொடங்கிவிடும்.