ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு: மெயிலை முறையாகவும் பத்திரமாகவும் கையாள்வது எப்படி?

ஏப்ரல், மே சீசன் நெருங்கினால் குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலேயே ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுபவர்களுக்கு வெளியூரிலிருந்து மெயில்கள் வர ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே முடித்துப் பழகியிருந்தாலும், தேதி, வாடகை, முன்பணம் போன்றவற்றை மெயிலில் எழுதி வைப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது. பிறகு பேச்சு மாறினால் எடுத்துக் காட்டலாம்.

1. முதலில் பொருள் வரி. வெறும் ‘ரூம்’ என்று போடாமல், ‘மே 10 முதல் 12 வரை, இரண்டு அறை, முன்பதிவு’ என்று எழுதுங்கள். அதே விருந்தினர் அடுத்த வருடம் கேட்டால் புது மெயிலாகத் தொடங்குங்கள்.

2. பெயரைச் சொல்லி வணக்கம் போட்டு, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். வாடகை, முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டியில் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு நின்று தவிக்காமல் இருக்க அது உதவும்.

அடையாள அட்டை கேட்பதாக இருந்தால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் போதும் என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்தவர் ஆதாரை நம் மெயிலில் வைத்திருப்பது பெரிய பொறுப்பு.

3. பெறுபவரின் மெயில் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். பாதி எழுதிய மெயில் கை தவறிப் போகாது. பழைய விருந்தினர்கள் எல்லோருக்கும் சீசன் வாடகையை அனுப்பும்போது முகவரிகளை ‘பிசிசி’ கட்டத்தில் போடுங்கள். ‘டூ’விலோ ‘சிசி’யிலோ போட்டால் ஒருவர் முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது அது. ஜிமெயில் செட்டிங்ஸில், அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 விநாடியாக மாற்றி வையுங்கள். படங்களைச் சிறிதாக்கி அனுப்புங்கள், இணைப்புகள் மொத்தம் 25 எம்பியைத் தாண்டக் கூடாது.

4. இனி, வருகிற மெயில். அனுப்பியவர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டு, பின்னால் இருக்கும் முகவரியைப் பாருங்கள். லிங்க் இருந்தால் அதன் தளப் பெயரை வலக்கோடியிலிருந்து படியுங்கள். இ-பாஸ் தளத்தின் பெயர் ‘டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி’ என்று முடியும். அதற்குப் பிறகும் ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் ஒட்டியிருந்தால் அது வேறு யாருடையதோ.

ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் ‘ராணுவ அதிகாரி’ என்று வரும் மெயிலை நாம் சட்டென்று நம்பிவிடுவோம். ஐந்து நாள் அறை வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பார்கள். நாடு முழுக்க நடக்கும் மோசடி இது. யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் உங்கள் பணம்தான் போகப் போகிறது என்று அர்த்தம். நிஜமான அதிகாரியாக இருந்தால், உங்கள் கணக்கு எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் கோபப்பட மாட்டார்.

5. ஊட்டியில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் மெயில் திறந்தால் லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழ வேண்டும். பாஸ்வேர்டை பிரவுசர் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் வசதியை, இன்றே போட்டுவிடுங்கள். போனுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், அப்புறம் வங்கிக்கும் சொல்லுங்கள். அந்த மெயிலை மட்டும் அழித்துவிட வேண்டாம், புகாருக்கு அது தேவைப்படும்.