டெம்ப்ளேட்டில் காலிப் பெட்டிகள் தெரியாமல் செய்வது எப்படி?

வலைத்தளத்தின் சைட்பாரில் (ஓரப் பட்டையில்) விட்ஜெட் (அங்கே செருகும் சிறு பகுதி) எதுவும் போடவில்லை. ஆனாலும் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை நிற்கிறது, கட்டுரை அதற்கு வழிவிட்டு ஒடுங்கிக் கிடக்கிறது. புதிதாக டெம்ப்ளேட் (தளத்தின் பக்க அமைப்பைத் தீர்மானிக்கும் கோப்புகள்) எழுதும் எல்லோரும் சந்திக்கும் சிக்கல்தான் இது. வேலையைத் தொடங்கும் முன் டெம்ப்ளேட் கோப்புகளை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதன்மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். உதாரணத்துக்கு, இதே போலக் கட்டுரைக்கு மேலே காலியாக நிற்கும் ஓர் அறிவிப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஓர் எழுத்துகூட இருக்காது. ஆனால் மேலும் கீழும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), அதைச் சுற்றி 1 பிக்சல் பார்டர் என்று சிஎஸ்எஸ்-இல் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில்) கொடுத்திருப்போம். ஆக, ஒன்றுமே இல்லாத பெட்டி 42 பிக்சல் உயரத்துக்கு எழுந்து நிற்கும்.

இதற்குப் பலரும் சொல்லும் குறுக்கு வழி, சிஎஸ்எஸ்-இன் எம்ப்டி செலக்டர் (காலியான பெட்டிகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் குறிப்பு). பெட்டியின் கிளாஸ் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டு எம்ப்டி என்று எழுதி, டிஸ்ப்ளே மதிப்பை நன் என்று வைத்தால் காலிப் பெட்டி மறைந்துவிடும். ஆனால் பெட்டியைத் திறக்கும் டேகுக்கும் மூடும் டேகுக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்பேஸோ, என்டர் தட்டிய வரி முறிவோ இருந்தால்கூடப் போதும், இன்றைய பிரவுசர்கள் அதைக் காலியாகக் கணக்கில் எடுப்பதில்லை. டெம்ப்ளேட்டை அழகாக வரி பிரித்து எழுதுபவர்களுக்கு இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் இதுதான். அப்புறம், டிஸ்ப்ளேக்குப் பதில் விசிபிலிட்டியை ஹிடன் என்று வைக்காதீர்கள். பெட்டி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் இடம் அப்படியே இருக்கும்.

நான் எப்போதும் சொல்வது, பெட்டியைப் பக்கத்தில் அச்சிட்ட (வெளியிட்ட) பிறகு மறைக்காதீர்கள், அச்சிடவே விடாதீர்கள். தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இதற்கென்றே இஸ் ஆக்டிவ் சைட்பார் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது (சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் வரும்). சைட்பாரின் ஐடியைக் கொடுத்தால், அதில் விட்ஜெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். அதை இஃப் நிபந்தனையில் வைக்க வேண்டும். அதே வகை மென்பொருளான ஜூம்லாவில் விட்ஜெட்டுக்குப் பதில் மாட்யூல் என்பார்கள். அங்கே கவுண்ட் மாட்யூல்ஸ் என்ற ஃபங்ஷன் அந்த இடத்தில் எத்தனை மாட்யூல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். 0 வந்தால் பெட்டியை அச்சிடாமல் விட்டுவிட வேண்டியதுதான்.

புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். விட்ஜெட்டை அச்சிடும் வரியை மட்டும் இஃப்-க்குள் வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பெட்டியை உருவாக்கும் டிவ் டேகை வெளியே விட்டுவிடுகிறார்கள். அப்போது பழைய காலிப் பெட்டிதான் மறுபடி வரும். திறக்கும் டேகுக்கு முன்பே இஃப் தொடங்கி, மூடும் டேகுக்குப் பின்புதான் முடிய வேண்டும்.

சரி, பெட்டி போய்விட்டது. ஆனால் கட்டுரை இன்னும் ஒடுங்கியே இருக்கிறதா? கிரிட்டில் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் முறையில்) இரண்டாவது பத்திக்கு (நெடுவரிசைக்கு) 300 பிக்சல் என்று ஒதுக்கி வைத்திருந்தால், அங்கே வர ஆள் இல்லாவிட்டாலும் அந்த இடம் காத்திருக்கும். அதனால் ஒரே பத்தியை இயல்பான அமைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சைட்பார் உள்ளே இருந்தால் மட்டும் இரண்டு பத்தி என்று ஹேஸ் செலக்டரில் எழுதுங்கள். 2023 டிசம்பரில் வந்த பயர்பாக்ஸ் 121-உடன் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது வந்துவிட்டது, தயங்காமல் பயன்படுத்தலாம்.

கடைசியாக, விட்ஜெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், திரும்பப் போட்டும் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் கேஷை (சேமித்து வைத்த பழைய பிரதியை) அழித்துவிட்டு மறுபடி திறங்கள். விட்ஜெட் இருந்தும் அது எதையும் காட்டாத நிலை ஒன்று உண்டு. ஒரு பதிவும் இல்லாத தளத்தில் அண்மைப் பதிவுகள் விட்ஜெட்டைப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஃபங்ஷன் அதை ‘இருக்கிறது’ என்றே சொல்லும். அப்போது அந்த விட்ஜெட்டையே எடுத்துவிடுங்கள்.