பெட்டிக்குள் அடங்கும் பேய்க்கிராமம்: கோதிக் திகில் மேசையைத் திட்டமிடும் முறை

சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்கு, பேய்க்கதைகளில் வரும் இடிந்த தேவாலயம், கல்லறை, பட்டமரம் எல்லாம் சிறிதாகச் செய்து வைக்கும் களம்தான் கோதிக் திகில் மேசை. அது என்றதும் புதியவர்கள் முதலில் கட்ட நினைப்பது கோட்டையைத்தான். நானும் கட்டினேன். கிளிநொச்சி வீட்டின் முன்னறையை இரண்டு மாதம் அடைத்துக்கொண்டு கோபுரம், படிக்கட்டு எல்லாம் வைத்துச் செய்து முடித்தேன். மூன்று ஆட்டத்தில் அலுத்துவிட்டது. கோட்டை கோட்டையாகவே இருந்தது. அலுமாரிக்கு மேலும் ஏறவில்லை, கட்டிலுக்குக் கீழும் போகவில்லை. இன்று சேமக்காலைச் சுவராக நிற்பது நாளை மாளிகைத் தோட்ட மதிலாக மாற வேண்டும். அப்படி மாறாத எதையும் இப்போது நான் செய்வதில்லை.

1. பெட்டியை அளந்துகொள்ளுங்கள்

மேசையைத் திட்டமிடும் முன், துண்டுகளை அடுக்கி வைக்கும் பெட்டியைப் பாருங்கள். கடையில் கேட்டால் தரும் பிஸ்கட் பெட்டி ஒன்று போதும். அதற்குள் அடங்காததைத் திட்டத்திலிருந்து வெட்டிவிடுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு உருவங்கள் மோதும் ஆட்டத்துக்கு 3 அடிக்கு 3 அடிப் பலகை தாராளம்.

2. கொப்பியில் வரையுங்கள்

சதுரக் கொப்பியில் ஒரு சதுரத்தை ஓர் அங்குலமாக வைத்து, 36 சதுரத்துக்கு 36 சதுரம் எல்லை போடுங்கள். பரவலாகக் கிடைக்கும் உருவங்கள் 28 மில்லிமீற்றர் அளவுடையவை. அவை நிற்கும் அடித்தட்டு பெரும்பாலும் 25 மில்லிமீற்றர் அகலம். ஆகவே வாசலின் அகலம் 3 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, உயரம் 4.5 இருக்கட்டும். இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று கடக்கும் ஒழுங்கைக்கு 6 சென்ரிமீற்றர் விடுங்கள். இடுப்பளவு மறைக்கும் மதிலுக்கு 1.5 உயரம் போதும்.

பிறகு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அடிமட்டத்தை வையுங்கள். குறுக்கே எதுவும் இல்லையென்றால், துப்பாக்கிக்காரன் நின்ற இடத்திலேயே நின்று ஆட்டத்தை முடித்துவிடுவான். நடுவிலிருந்து சற்று விலகி, உயரமான இரண்டு துண்டுகளாவது வேண்டும்.

3. மூலைச் சுவர்கள்

இந்த மேசையின் உயிர் இதில்தான் இருக்கிறது. முழுத் தேவாலயம் கட்டாதீர்கள். ‘ட’ எழுத்தைப் போல மடங்கிய இரண்டு மூலைச் சுவர்களைச் செய்யுங்கள்: ஒரு பக்கம் 12 சென்ரிமீற்றர், மறு பக்கம் 9. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் இடிந்த தேவாலயம். தள்ளி வைத்தால் தெருவின் இரு புறமும் இரண்டு வீடுகள். முதுகோடு முதுகு சேர்த்தால், நான்கு பக்கமும் ஒளியக்கூடிய ஒரு சந்தி. சிலுவையையும் மணியையும் சுவரில் ஒட்டாமல் தனித்துண்டாக வைத்திருங்கள். அவைதாம் கட்டடத்தின் பெயரை மாற்றுகின்றன.

கோதிக் என்று கண்ணுக்குச் சொல்வது கூர்வளைவு யன்னல். அதற்குக் கவராயம் போதும். யன்னலின் அகலம் 3 சென்ரிமீற்றர் என்றால் கவராயத்தையும் 3 அளவுக்கு விரித்து, இடது முனையில் குத்தி ஒரு வில், வலது முனையில் குத்தி மற்றொரு வில் வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடம் உச்சி; அது அடிக்கோட்டுக்கு மேல் 2.6 சென்ரிமீற்றரில் வரும்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வெள்ளை நுரைத் துண்டு, அதாவது ரெஜிபோம், சுவருக்கு நல்லது. புது பிளேட்டால் வெட்டுங்கள். மொட்டை பிளேட் மணிமணியாகப் பிய்க்கும்.

இடிந்த சுவர் எப்படி இருக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் குண்டு துளைத்த வீட்டுச் சுவரைப் பார்த்து நான் செய்வதில்லை. அது விளையாட மனம் வராத இடம். எனக்கு மாதிரி மன்னார், அரிப்புக் கடலோரத்தில் நிற்கும் டொரிக் மாளிகை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காகக் கட்டப்பட்டது. காற்றும் கடலும் தின்றது. சாந்து உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிவதையும், மேல்விளிம்பு ஏறி இறங்குவதையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

4. மரமும் கல்லறையும்

காய்ப்பு ஓய்ந்து பிடுங்கிப் போட்ட மிளகாய்ச் செடியை விடப் பட்டமரத்துக்குப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. ஒவ்வொரு கிளையும் இரண்டு இரண்டாகப் பிரியும். சுருக்கிய காடு போலவே இருக்கும். நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். காயாமல் வைத்த என் முதல் காடு பூஞ்சணம் பிடித்துப் போனது. மரம் ஒவ்வொன்றையும் தனித்தனி இரும்பு வாசரில் ஒட்டினால் சாயாது. உருவத்தை நகர்த்தும்போது தூக்கியும் வைக்கலாம். கல்லறைக் கற்களுக்கும் இதே வழி.

5. நிறம்

ஸ்பிரே பெயின்டை நேராக ரெஜிபோமில் அடிக்காதீர்கள், கரைந்துவிடும். கறுப்பு இமல்ஷனில் பைண்டர் கம் கலந்து முதலில் முழுவதும் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் சாம்பல் நிறத்தை, தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள்.

தரைக்கு எங்கள் மண்ணையே அரித்து ஒட்டலாம். ஆனால் நிறத்தை அப்படியே விட்டால் திகில் கிராமம் கிரவல் வீதியாகிவிடும். என்னுடையதில் உழவு இயந்திரம் மட்டும்தான் குறை. கரும்பழுப்பு பூசுங்கள், எல்லாத் துண்டுக்கும் ஒரே நிறம். அப்போதுதான் எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். காட்போட் மட்டையை அடித்தளமாக வைத்தால் இரு பக்கமும் பூசுங்கள், இல்லையேல் வளையும். கார்த்திகை, மார்கழி மழையில் இந்த வேலை வேண்டாம். கம் காய நாட்கணக்காகும்.

பனிப்புகாருக்கு இலவம்பஞ்சைச் சிலர் சொல்வார்கள். படம் எடுக்க நல்லது. ஆட்டத்தின்போது வாள்முனையெல்லாம் பஞ்சோடு வரும்.