மலைப்பாதை சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 12 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறிவிட வேண்டும். இப்படி ஓர் ஏற்றம் உள்ள பந்தயத்துக்கு முதல்முறை பெயர் கொடுப்பவர்கள் கால் பலத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். கால் பலம் 12 வாரப் பயிற்சியில் ஓரளவு வந்துவிடும். தவறான கியரோடு வந்து, முதல் பத்து நிமிஷம் அவசரப்பட்டால் அந்த 12 வார உழைப்பும் மூன்றாவது வளைவிலேயே கரைந்துவிடும்.

முதலில் கியர்

ஒரு கணக்குப் போடுவோம். 70 கிலோ எடையுள்ளவர், 9 கிலோ சைக்கிள், 9 சதவீத ஏற்றம். சுமார் 200 வாட் திறனோடு மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டரும் கொஞ்சமும் போவார். முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் என்றால் அந்த வேகத்தில் பெடல் நிமிஷத்துக்கு 47 சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவதுபோல் முட்டியில் இறங்கும். 34-க்கு 28 என்றால் 60 சுற்று. 34-க்கு 34 என்றால் 73 சுற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டிய ஏற்றத்துக்குக் கடைசிக் கணக்குதான் சரி. பெரிய கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போடுவதை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

28-லிருந்து 34-க்கு மாற்றும்போது கேசட்டை மட்டும் மாற்றினால் போதாது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று அதன் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். அதன் அடியில் செயின் ஓடும் கூண்டு குட்டையாக இருந்தால் பெரும்பாலும் தாங்காது. செயினும் நீளமாக வேண்டும். டெரெய்லரில் கோக்காமல், முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றிச் செயினைப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டுங்கள். பழைய செயினையே போட்டு ஓட்டினால், களைப்பில் தவறிப்போய்ப் பெரியது-பெரியதில் தள்ளும் நேரத்தில் டெரெய்லரே முறிந்துபோகும்.

அடுத்து, பின்னால் செயின் பெரிய பல்லைத் தாண்டி உள்ளே போகாமல் தடுக்கும் 'எல்' ஸ்க்ரூ. ஸ்டாண்டில் வைத்துச் சுற்றும்போது ஒழுங்காக இருக்கும் செயின், செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது ஆரக்கால் பக்கம் தாவிவிடும். டெரெய்லர் மாட்டியிருக்கும் ஹேங்கர் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தால் இது கட்டாயம் நடக்கும். ஆகவே ஹேங்கரை நிமிர்த்திவிட்டு ஸ்க்ரூவைச் சரிசெய்து, உண்மையான ஏற்றத்தில் கடைசிக் கியரில் எழுந்து மிதித்துப் பாருங்கள். இதையெல்லாம் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின ராத்திரி எதையும் கழற்றக் கூடாது.

பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள் ஏற்றப் பயிற்சி, ஒரு நாள் மூன்று நான்கு மணி நேர நீண்ட ஓட்டம், மற்ற நாட்கள் லேசாக. ஏற்றப் பயிற்சி என்றால் 20 நிமிஷம் வீதம் இரண்டு முறை, நடுவே 10 நிமிஷ இடைவெளி, ஓரிரு சொல் மட்டுமே பேச முடிகிற அளவு மூச்சு வாங்கும் வேகத்தில். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது, வேலூர் பக்கத்தவர்களுக்கு ஏலகிரி. கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறிப் பார்த்தவருக்கு வேறெந்த மலையும் பயம் தராது. சென்னை, தஞ்சாவூர் போன்ற சமவெளிக்காரர்கள் எதிர்காற்றில் ஒரு கியர் கனமாகப் போட்டு 60, 65 சுற்றில் மிதிக்கலாம். மலைக்கு அது முழு ஈடாகாது. அதனால் பந்தயத்துக்கு முன் இரண்டு முறையாவது நிஜ மலைக்குப் போய்வர வேண்டும். இறக்கத்தைச் சமவெளியில் பழகவே முடியாது.

அடிவாரத்தில்

சமவெளியில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகலாம். ஆகவே ஏற்றம் வரும்வரை கூட்டத்துக்குள் ஒளிந்திருங்கள். ஆனால் அடிவாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே முதல் 20 பேருக்குள் வந்துவிடுங்கள். சாலை குறுகும் இடத்தில் பின்னால் இருப்பவர்கள் நெரிசலில் கால் ஊன்ற நேரிடும்.

முன் கியரைச் சின்னப் பல்லுக்கு மாற்றுவது ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். சரிவு காலை அழுத்திய பிறகு மாற்றினால், இறுகிய செயின் சின்னப் பல்லைத் தாண்டி உள்ளே விழும். விழுந்துவிட்டால் பதறி இறங்க வேண்டாம். காலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே முன் கியரைப் பெரிய பல்லுக்குத் தள்ளினால் பெரும்பாலும் தானாக ஏறிக்கொள்ளும்.

இனி முதல் பத்து நிமிஷம். இதயத் துடிப்பு உழைப்புக்குப் பின்தங்கித்தான் ஏறும். அதனால் கைக்கடிகாரத்தில் துடிப்பு எண் குறைவாகத் தெரியும், உடம்பும் லேசாக இருக்கும், எல்லோரும் சீறிக்கொண்டு போவார்கள். விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வாட் அளவில் 90 முதல் 95 சதவீதம் போதும். வாட் மீட்டர் இல்லாதவர்கள், ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரத்தைப் பிடிப்பதால் பெரிய லாபமில்லை. முன்னால் போனவர்களில் பாதிப் பேரை மேலே பார்ப்பீர்கள்.

நம் ஊரில் சாலையின் இடது பக்கம் ஏறுகிறோம். ஆகவே இடதுபக்கக் கொண்டை ஊசியில் உள்வட்டம் நமக்கு வரும். அங்கே சரிவு திடீரென்று செங்குத்தாகும். வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். எதிரே வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், நம் பாதியைத் தாண்டாமல் சற்று வெளியே தள்ளி ஏறுங்கள். வலதுபக்க வளைவு வெளிவட்டம், கிட்டத்தட்ட சமதளம். இடுப்பை நிமிர்த்தி ஒரு வாய் தண்ணீர் குடிக்க அதுதான் இடம்.

சாப்பாடு

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து தேவை. வயிறு பழகியிருந்தால் 80 வரை போகலாம். 750 மில்லி தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் உப்பு, அரை எலுமிச்சம்பழம். ஒரு மணி நேரத்துக்கு இந்த ஒரு பாட்டில் போதும். ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் தரும். கடலை மிட்டாயை ஏற்றத்தில் தொடாதீர்கள். மூச்சு வாங்கும்போது மெல்லவும் முடியாது, அதன் கொழுப்பு செரிக்கவும் நேரமாகும். முதல் வாய், பந்தயம் தொடங்கிய 20 நிமிஷத்திலேயே. பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது என்று பொருள்.

இறக்கம்

அமெச்சூர் பந்தயங்களில் சாலை முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். எதிரே பஸ் வரும், வளைவு முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. பார்வைக்குத் தெரியும் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகம்தான் உச்ச வேகம்.

கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும். பிரேக் பிடிப்பது வளைவுக்கு முன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போது. உள்ளே நுழைந்த பிறகு முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடல் எடை அதன்மேல், கண் வளைவு முடியும் இடத்தில். ரிம் பிரேக்கை (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். அழுத்திப் பிடி, விடு, மறுபடி பிடி. உள்வட்ட ஓரத்தில் மழை இழுத்து வந்த மணலும், பஸ் சிந்திய டீசலும் கிடக்கும்; ஈரத்தில் டீசல் வானவில் நிறத்தில் மின்னும். 25 மில்லிமீட்டர் டயரில் 70 கிலோக்காரருக்குப் பின்னால் 85, முன்னால் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். மழை என்றால் இரண்டிலும் 5 குறையுங்கள்.

முடிவுக்கோடு மேலே இருந்தால், பந்தயம் முடிந்தபின் இறங்கி வருவதும் கணக்கில் சேரும். 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குளிர் கூடும், ஜெர்சியோ வேர்வையில் நனைந்திருக்கும். ஒரு மெல்லிய ஜாக்கெட்டைப் பையில் வைத்திருங்கள். இல்லையென்றால் இரண்டு செய்தித்தாளை மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சில் சொருகுங்கள், காற்று நிற்கும். விரல் மரத்துப் பிரேக் லீவர் உணரவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி, இரு கைகளையும் அக்குளில் வைத்துச் சூடாக்கிய பிறகே இறங்குங்கள்.