பின்பக்க ஸ்பிரிங் மாற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்

மழைநீர் தேங்கும் தெருவும் கடற்கரை உப்புக்காற்றும் சேர்ந்தால் காரின் பின்பக்க காயில் ஸ்பிரிங் துருப்பிடித்து உடைவது சென்னையில் புதிதல்ல. பெரும்பாலும் கடைசிச் சுற்றுதான் உடையும், அதனால் சட்டென்று கண்ணில் படாது. ஸ்பீட் பிரேக்கரில் 'டங்' என்று சத்தம் கேட்டாலோ, வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்ததை வெல்டிங் வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான், ஸ்பிரிங்குக்கு மட்டும் அந்த ஆசை வேண்டாம்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருக்கும் வண்டி என்றால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு முறியும்.

பின்சக்கரங்களைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. ஆகவே முதலில் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரிலும் போட்டுவிடுங்கள். சமதளமான சிமெண்ட் தரைதான் சரி; மே மாத வெயிலில் தார் ரோட்டில் ஜாக்கி ஸ்டாண்டின் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) கால் புதையும். பாடியை இரண்டு ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்னொரு ஜாக்கியால் ஆக்சில் பீமை (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) தாங்கிக்கொண்டு, ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அப்புறம் பீமை மெதுவாக இறக்குங்கள், பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) இழுபடாமல் பார்த்துக்கொண்டே. ஸ்பிரிங் தளர்ந்து தானாகக் கையில் வரும்.

புதியதை வைக்கும்போது அதன் நுனி ரப்பர் சீட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக முட்டி நிற்க வேண்டும். ஷாக் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டி தரையில் நின்ற பிறகுதான்.