ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்த பஞ்சர்

சாலைக்கும் மலைத்தடத்துக்கும் ஒரே மிதிவண்டியை ஓட்டும் எனக்கு, பின் டயர் பஞ்சர் ஒட்டிய சில நாட்களிலேயே மீண்டும் காற்றிறங்குவது பெருந்தொல்லையாக இருந்தது. புதிய டியூப் மாற்றியும் அது நிற்கவில்லை. ஆகவே, டயரில் அச்சிட்ட எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி பொருத்தி வைத்தேன். அப்படிச் செய்தால், டியூபில் துளை விழுந்த இடத்தை வால்விலிருந்து அளந்தே டயரில் தேட வேண்டிய இடத்தைக் கண்டுகொள்ளலாம். அடுத்த முறை துளை டயரை ஒட்டிய பக்கத்தில் இருந்ததால், ரிம்மின் (சக்கர வளையத்தின்) உட்புறம் காரணமல்ல என்பது உறுதியாயிற்று. அந்த இடத்தில் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தபோது இழை சிக்கிக்கொண்டது: லாரி டயர்கள் வெடிக்கும்போது சாலையில் சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி! விரலால் தடவினால் அது தட்டுப்படவே இல்லை. சிறு குறட்டால் பிடுங்கியதும் தொல்லை ஒழிந்தது. ஒட்டுப் போடுவதைவிட இந்தத் தேடலே முக்கியமான வேலை என்பது என் உறுதியான கருத்து.

மலைத்தடத்துக்கு இப்போது தனி டயர் வைத்திருக்கிறேன். சாலை டயரின் 700சி, மலைத்தட டயரின் 29 அங்குலம் ஆகிய இரண்டு அளவுக்கும் ரிம்மில் அமரும் விட்டம் 622 மி.மீ. தான் என்றாலும், ரிம்மின் அகலமும் மிதிவண்டிச் சட்டத்தின் இடைவெளியும் இடம் கொடுக்கும் அகலத்தையே வாங்க வேண்டும். 32 மி.மீ. வழவழப்பான டயருக்குக் காற்றழுத்தம் சுமார் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), புடைப்புக் கட்டைகள் கொண்ட 2.2 அங்குல டயருக்குச் சுமார் 30 என வைக்கிறேன். காற்றை மிகவும் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழும்.