வீட்டில் ஹெட் கேஸ்கட் மாற்றுகிறீர்களா? எமரி டிஸ்க்கைத் தொடாதீர்கள்

மாருதி 800-ஐ வீட்டு வாசலில் வைத்துப் பிரிக்கத் துணிகிறவர்களை எனக்குப் பிடிக்கும். 796 சிசி, மூன்று சிலிண்டர். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் ஓர் ஆளே தூக்கிவிடலாம். அதற்கும் அடியிலிருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். 1983 முதல் 2014 வரை தயாரான வண்டி என்பதால் உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் கேஸ்கட் மாற்றப் போய் இன்ஜினையே காவு கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் குறையக் காணோம். பேட்டரி வயரைக் கழற்று, ஒவ்வொரு ஹோஸையும் போட்டோ எடுத்து வை என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் அதற்குள் போகவில்லை. அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கேஸ்கட்தான் போயிருக்கிறதா?

ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசையைப் பார்த்ததுமே ஸ்பானரைத் தூக்கிவிடுகிறார்கள். தினம் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டியில், இன்ஜின் சரியாகச் சூடேறாமல் உள்ளே நீர் கோத்தும் அது வரும். ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) குறைவு, காரணமில்லாமல் குறையும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) என்று வேறு சாட்சியும் வேண்டும்.

சூட்டோடு கழற்றுவது

ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. சூடானால் இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்; சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் கோணிவிடும். இரவு முழுக்க ஆறவிட்டு, ஓரத்து போல்ட்டில் தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

எமரி டிஸ்க்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எங்கள் தெருவில் ஒரு பையன், படித்தவன், கை சுத்தமானவன். டிரில்லில் மாட்டும் எமரி டிஸ்க்கை வாங்கி, பிளாக்கின் மேல்முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை அரை மணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிட்டான். “அண்ணே, முகம் பார்க்கலாம்ணே” என்று கூப்பிட்டுக் காட்டினான். உண்மைதான், பார்க்கலாம். சில வாரத்தில் ஐட்லிங்கில் அடியிலிருந்து டக்டக் சத்தம். அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால், பிஸ்டனின் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங் முழுக்கக் கீறல். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் ஷாஃப்ட்டையும் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கேஸ்கட் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். டிஸ்க்கிலிருந்து உதிரும் பொடி சாதாரண அழுக்கு அல்ல. அலுமினியம் ஆக்சைடு, இரும்பையே அறுக்கும் சரக்கு. அது சிலிண்டர் சுவரிலும் ஆயில் துளையிலும் இறங்குகிறது. பேரிங்கின் மேல்பூச்சு மென்மையான உலோகம். துகள் அதில் போய்ப் பதிந்துகொண்டு, சுற்றும் கிராங்க்கை உப்புத்தாள் போல அராவிக்கொண்டே இருக்கும். “ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளை ஃபில்டரைத் தாண்டி இருப்பது. அங்கே விழுந்த பொடி நேராக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குப் போகும். சம்ப்பில் விழுந்ததோ முதலில் ஆயில் பம்ப்பைத் தின்றுவிட்டுத்தான் ஃபில்டருக்கு வரும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு இந்த டிஸ்க்குகள் கூடாது என்று சர்வீஸ் புல்லட்டினே போட்டிருக்கிறது.

பொடி ஒரு பக்கம் இருக்கட்டும். அலுமினிய ஹெட்டில் அந்த டிஸ்க் ஓரிடத்தில் ஒரு நொடி அதிகம் நின்றால் போதும், பள்ளம் விழும். பளபளப்பில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சிலிண்டருக்கு நடுவில் இருக்கும் குறுகிய பாலத்தில் விழுந்தால் புதுக் கேஸ்கட்டும் அங்கேயே ஊதும்.

மழுங்கிய ஸ்க்ரேப்பர், தின்னர், ஒரு மதியப் பொழுது. இவ்வளவுதான் தேவை. கூலன்ட், ஆயில் துளைகளில் துணி அடையுங்கள். பிஸ்டனின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் உதிர்வது அதில் ஒட்டும். பிறகு துடைத்து எடுத்துவிடலாம். இதற்காக கிராங்க்கைச் சுற்றியிருந்தால், ஹெட்டை வைக்கும் முன் கிராங்க்கும் கேமும் ஒத்துச் சுற்றுவதற்கான டைமிங் மார்க்கை மறுபடி சேர்க்க மறக்க வேண்டாம்.

மட்டம் பார்க்காமல் மூடுவது

ஹெட்டின் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேரான இரும்புப் பட்டை) நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேஸிங் போடுங்கள். தேவைக்குமேல் சீவவும் விடாதீர்கள். கம்ப்ரெஷன் ஏறி நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) வரும்.

போல்ட் குழியில் தண்ணீர்

குழியின் அடியில் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருந்தால் அது அமுங்காது. டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) சரியான அளவைக் காட்டும், ஹெட்டோ இறுகியிருக்காது. மோசமாகப் போனால் பிளாக்கே விரியும். காற்றடித்து, துணி விட்டுத் துடையுங்கள்.

கேஸ்கட்டில் ஷெல்லாக் பசை பூசுவது

மேனுவல் சொன்னால் ஒழிய வேண்டாம்.

கை அளவில் முறுக்குவது

டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவது

வண்டி சூடேறினால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இந்த வால்வைப் பிடுங்குவது நம்ம ஊர் வைத்தியம். மூலகாரணம் அப்படியே இருக்கும்.

காரணத்தைத் தேடாமல் சாவி போடுவது

கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம். ரேடியேட்டர் அடைப்பா, வாட்டர் பம்ப் கசிவா, ஃபேன் ஸ்விட்ச் செத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, ஆறிய இன்ஜினில் கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஓட்டத்தில் ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்பதைக் கண்ணால் பார்க்கும் வரை வண்டியைவிட்டு நகராதீர்கள். சாவி போடும் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்; அதில் கூலன்ட் கலந்திருக்கலாம்.